குமிழியா, ஆறா

வெர்லின் ஹாஸ்கெல், கேரவனைக் கட்டியிழுத்து வந்த தன் பிக்கப் வண்டியைப் பின்னோக்கி எடுக்கத் தொடங்கியதும், ஹெரன் வளைவு முகாம் பூங்காவில் இருந்த அத்தனை பேரும் மடக்கு நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். மனிஸ்டீ ஆற்றங்கரையில் சாயங்காலத்தில் டிவி யாருக்கு வேண்டும்? புதிதாக வருகிறவன் தன் கேரவனை இடத்துக்குள் சொருகப் படுகிற பாடுதான் அங்கே கச்சேரி. நாய்கள்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டு முன்வரிசைக்கு வந்துவிட்டன.

கேரவனுக்குப் பின்னால் நின்று கைகாட்டியது அவர் மனைவி ரோவீனா. விமானத்தைத் தரையிறக்குபவள்போல் இரண்டு கையையும் வீசினாள். அந்த வீச்சுக்கு இடது என்றும் பொருள் உண்டு, வலது என்றும் உண்டு, கொசு கடிக்கிறது என்றும் உண்டு.

“எந்தப் பக்கம்னு வாயைத் திறந்து சொல்லேன்,” என்று வெர்லின் ஜன்னல் வழியே கத்தினார்.

“சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன். உன் பக்கம்.”

“நான் கழுத்தைத் திருப்பிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். இதுல என் பக்கம் எது?”

“கல்யாணம் ஆனதிலேர்ந்து நீ அப்படித்தான் உட்கார்ந்திருக்கே. பிரேக்கைப் போடு. மரம்.”

மரம் கொஞ்சம் பட்டையை இழந்தது. முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போய், அந்தத் தூரத்துக்கு நேராக ஓட்டியிருந்தால் கனடாவுக்கே போயிருக்கலாம். கடைசியில் கேரவனின் முதுகு ஆற்றைப் பார்த்து நின்றது. நாற்காலிகளிலிருந்து கைதட்டல் எழுந்தது. வெர்லினின் சட்டையைப் பிழிந்தால் ஆற்றில் வெள்ளம் வந்திருக்கும்.

அந்த முதுகில்தான் எல்லாமே இருந்தது. ஆற்றங்கரையில் வீடு கட்டித் தருகிறேன் என்று சொல்லி ரோவீனாவைக் கட்டிக்கொண்டவர் வெர்லின். வீடுதான் நடக்கவில்லை. ஓய்வு பெற்றதும், பின்சுவர் முழுக்கக் கண்ணாடி ஜன்னலும் அதையொட்டிப் படுக்கையும் உள்ள இந்தக் கேரவனை வாங்கி, “வீடு ஆத்துக்கிட்ட வராட்டா என்ன, சக்கரம் வெச்சுக் கூட்டிட்டுப் போறேன்,” என்றார். முதல் பயணத்தில் அந்த ஜன்னலில் கழிப்பறைக் கட்டடம் தெரிந்தது. அடுத்ததில், அரைக்கால் சட்டையோடு இறைச்சி சுட்டுக்கொண்டிருந்த ஒரு பெருத்த மனிதரின் பின்புறம் மூன்று நாளும் தெரிந்தது. அதற்கடுத்ததில் யாரோ ஒருவருடைய படகின் தார்ப்பாய். இந்தத் தடவை கிளம்பும்போது ரோவீனா குரலை உயர்த்தாமல் சொன்னாள்: “இப்பவும் படுக்கையிலேர்ந்து ஆறு தெரியலேன்னா, ஊருக்குத் திரும்பினதும் கேரவன் சாவியை என் தம்பிகிட்டக் குடுத்துடு. அவன் கேட்டுக்கிட்டே இருக்கான்.”

அவள் கத்தியிருந்தால் வெர்லின் பயந்திருக்கமாட்டார்.

அதனால்தான் கொட்டும் பனிக்காலத்திலேயே, முன்பதிவு திறக்கிற நொடியில் கணினியின் மேல் பாய்ந்து, மிச்சிகன் முழுக்கச் சண்டை போடும் இந்த ஆற்றோர இடத்தைப் பிடித்துவைத்திருந்தார். இப்போது வண்டியும் வந்து நின்றுவிட்டது. படியை இறக்கி, கதவைத் திறந்து, “வா, பாரு,” என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் வெர்லின், தளம் சமமா என்று காட்டும் ரசமட்டத்தை எடுத்தார்.

ஆயுசு முழுக்க அடுத்தவர் சமையலறையில் அலமாரி பொருத்தியவர் அவர். ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்காத எந்த இடத்திலும் அவருக்குச் சாப்பாடு இறங்காது. கேரவன் வாங்கிய நாளிலேயே சட்டம் போட்டுவிட்டார்: குமிழி நடுவுக்கு வரும்வரை ஒருவரும் உள்ளே கால் வைக்கக்கூடாது. கேட்டால், சாய்ந்து நின்றால் குளிர்பெட்டி கெட்டுவிடும் என்பார். உண்மையில் கெடுவது அவர்தான்.

கேரவன் தரையில் ரசமட்டத்தை வைத்தார். குமிழி முன்கோடிக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. கரை ஆற்றை நோக்கிச் சரிந்திருந்ததால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. மூக்குக்குக் கீழே இருக்கும் ஜாக்கியை அடிமட்டம்வரை இறக்கினாலும் போதாது. சக்கரங்களைப் பலகை மேல் ஏற்றியாக வேண்டும்.

“அப்பா, பீன்ஸ் சில்லிக் குழம்பைச் சூடு பண்ணணும்,” என்றாள் கூடவே வந்திருந்த மகள் டானெட். மடியில் சட்டி, இரண்டு தோளிலும் அழுது வழியும் இரட்டைப் பெண்கள். “பிளக்கை மட்டும் மாட்டிக்கிறேனே.”

“குமிழி நிக்கட்டும்.”

“குமிழி எங்கயும் போகாது. பசிதான் நிக்கமாட்டேங்குது.”

“நாங்கள்லாம் பசியோட இருந்து வளர்ந்தவங்க.”

“நீ எங்கப்பா பசியோட இருந்தே? பாட்டி உனக்கு ரெண்டு மதியச் சாப்பாடு கட்டிக் குடுத்ததா சொல்லிருக்காங்க.”

வெர்லின் பலகைகளைத் தூக்கிவந்தார். சக்கரத்துக்குப் பின்னால் பலகைகளைப் போட்டு, வண்டியை மெல்லப் பின்னே நகர்த்தினார். கேரவன் பலகையில் ஏறியது, ஒரு கணம் யோசித்தது, மறுபக்கம் தொபுக்கென்று இறங்கிவிட்டது. திரும்பவும். திரும்பவும் தொபுக். மூன்றாம் தரம் பலகையே பிளந்தது.

பக்கத்து இடத்துக்காரர் டெல்மர் பீர் டப்பாவும் கையுமாக எழுந்து வந்தார். “தலைவரே, என்கிட்ட நல்ல ஓக் பலகை கிடக்கு. ஆனா ஒண்ணு கேக்கலாமா? நீங்க இதுக்குள்ள தூங்கப் போறீங்களா, இல்ல பில்லியர்ட்ஸ் ஆடப் போறீங்களா?”

“பலகை எங்க இருக்கு?” என்றார் வெர்லின் பல்லைக் கடித்துக்கொண்டு.

இருவரும் பலகை பொறுக்கப் போன சமயத்தில், கொசுமருந்து எடுக்கவேண்டும் என்று ரோவீனா சட்டத்தை மீறி உள்ளே போனாள். வெர்லின் திரும்பியபோது அவள் படியில் நின்றிருந்தாள். முகத்தில் ஒரு மாதிரியான மினுமினுப்பு.

“வெர்லின், ஒரு நிமிஷம் உள்ள வாயேன்.”

“நீ உள்ள போனியா?”

“அதைத்தான் சொல்ல வர்றேன். இப்படியே விட்டுடு. வந்து பாரு.”

“பாக்கிறதுக்கு என்ன இருக்கு? குமிழி ஓரத்துல கிடக்குன்னு எனக்கே தெரியும். கீழே இறங்கு, வண்டி நகரப் போகுது.”

“சொல்றதைக் கேளேன்.”

“பலகை போட்டப்புறம் கேக்கிறேன்.”

ரோவீனா இறங்கி வழிவிட்டாள். டானெட் அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், சில்லிச் சட்டியை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

ஓக் பலகை அசையவில்லை. கேரவன் ஏறியது, நின்றது. வெர்லின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பிக்கப்பைக் கழற்றி, ஜாக்கியைச் சுற்றி மூக்கை இறக்கினார். உள்ளே ஓடி, தரையில் குப்புறப் படுத்து ரசமட்டத்தைப் பார்த்தார். குமிழி ஆமைபோல ஊர்ந்து வந்து, இரண்டு கோட்டுக்கும் நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்தது. அப்படி ஒரு நடு, அமெரிக்காவில் எந்தச் சமையலறையிலும் இருந்ததில்லை.

“ரோவீனா, வா. இப்ப வந்து படு.”

அவள் வந்து, காலை ஜன்னல் பக்கம் நீட்டிப் படுத்தாள். தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

“போயிடுச்சு,” என்றாள்.

“என்னது?”

“ஆறு.”

வெர்லின் பக்கத்தில் படுத்துப் பார்த்தார். ஜன்னல் நிறைய வானம். அக்கரை மரங்களின் உச்சி. ஒரு காக்கை. தண்ணீர் ஒரு சொட்டுக்கூட இல்லை. ஜன்னல் சட்டத்தின் கீழ்விளிம்பு அத்தனையையும் மறைத்திருந்தது.

“சாஞ்சிருந்தப்போ முழுசாத் தெரிஞ்சுது,” என்றாள் ரோவீனா. “கரையில ஒரு கொக்கு நின்னுது. யாரோ துடுப்புப் படகுல போனாங்க. அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன்.”

“தலையணையை ரெண்டா அடுக்கிக்கோயேன்.”

அடுக்கினாள். கழுத்து மடிந்ததே தவிர ஆறு வரவில்லை.

“சரி, விடு,” என்றாள். “உன் குமிழி நல்லா நிக்குதில்ல, அது போதும்.”

அந்த ‘விடு’வுக்குள் தம்பியின் கையில் சாவி குலுங்கியதை வெர்லின் தெளிவாகக் கேட்டார்.

எழுந்தார். பிளந்த பலகை, உரிந்த மரம், சிராய்த்த முட்டி, டெல்மரின் பீர் நாற்றம் அடிக்கும் புத்திமதி, எல்லாம் அவர் கண்முன் ஊர்வலம் போயின. இத்தனையும் பட்டது ஆற்றை மறைப்பதற்கா? வெளியே போய் ஜாக்கியின் கைப்பிடியைப் பிடித்தார். அதைத் திருப்பிச் சுற்றுவதைவிடச் சொந்தப் பல்லைத் தானே பிடுங்குவது சுலபமாக இருந்திருக்கும்.

“என்ன தலைவரே, மறுபடியுமா?” என்றார் டெல்மர்.

“நீங்க பீரைக் குடிங்க.”

மூக்கு மேலே ஏறியது. பின்பக்கம் தாழ்ந்தது. உள்ளேயிருந்து ரோவீனாவின் குரல் வந்தது. இந்தத் தடவை கையை வீசாமல் வாயைத் திறந்தே சொன்னாள்.

“இன்னும். இன்னும் கொஞ்சம். மரத்தோட அடி தெரியுது. இன்னும்.”

வெர்லின் அவள் சொன்னபடியே சுற்றினார்.

“தண்ணி வந்துடுச்சு. நிறுத்து. அப்படியே நிறுத்து.”

டானெட் பிளக்கை மாட்டினாள். சில்லி சட்டியின் ஒரு பக்கமாகவே கொதித்தது. முட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்பக்கம் உருண்டுபோக, பேத்திகள் அழுகையை நிறுத்திவிட்டு அவற்றைத் துரத்தினார்கள். குளிர்பெட்டியை அணைத்துவிட்டதால் பால் டெல்மரின் ஐஸ் பெட்டிக்குக் குடிபோனது. வெர்லின் கிண்ணத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு சாப்பிட்டார். கப்பலில் போகிறவன்கூட அவ்வளவு ஜாக்கிரதையாகச் சாப்பிட்டிருக்கமாட்டான்.

ரோவீனா படுக்கையை விட்டு இறங்கவில்லை. ஆறு பொன்னாகி, செம்பாகி, மெல்ல மங்கிக்கொண்டிருந்தது. “தம்பிக்கு போன் போடணும்,” என்றாள்.

வெர்லின் மறந்துபோய்க் கிண்ணத்தைக் கீழே வைக்க, அது பின்பக்கமாக நழுவியது.

“அவன் வேற வண்டி பாத்துக்கட்டும்னு சொல்லணும்.”

வெர்லின் எழுந்து, ரசமட்டத்தை எடுத்து, கடைசியாக ஒருதரம் பார்த்தார். குமிழி ஓரத்தில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. அதை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டுத் திரும்பினார்.

சாய்வில் இழுப்பறை தானாகவே திறந்துகொண்டு வந்து, அவரைப் பின்னாலிருந்து இடித்தது.