ஈரல் ஓரத்துக் கறை

எட்டு மாசமா நான் தலைக்கு எண்ணெய் வைக்கல்ல. நேர்ச்சை, வேண்டுதல்னு ஒண்ணுமில்ல, எங்க கைடு ஞானசிங் சார் சொன்னதுதான். நாகர்கோவிலுக்குப் பக்கத்துல ஒரு கல்லூரியில, சாளை மீனுக்க ஈரலுல எந்தக் கொழுப்பு எங்க இருக்குன்னு ஆராய்ச்சி செய்யுதேன். இது அஞ்சாவது வருஷம். டெல்சி படிச்சு முடிப்பாளா, இல்ல அங்கேயே குடியிருப்பாளான்னு எங்க கடற்கரையில கேக்காத ஆளில்ல.

உறைஞ்ச ஈரலை முடியைவிட மெல்லிசா சீவி, கண்ணாடித் தகட்டுல ஒட்டி, திருவனந்தபுரத்து மெஷினுக்குக் கொண்டு போவணும். அது புள்ளி புள்ளியா லேசரை அடிச்சு, அங்கங்க உள்ள கொழுப்பை எடை பாத்து, கலர் படமாட்டு வரைஞ்சு தரும். மூணு மாசத்துக்கு ஒரு நாள்தான் நமக்குக் கிட்டும். சவம், எல்லாப் படத்துலயும் ஓரத்துல ஒரு மஞ்சக் கறை. எடையைப் பாத்தா சாட்சாத் தேங்காய் எண்ணெய். மீனு எங்க போய் தேங்காய் எண்ணெய் குடிச்சுது?

சார் என்னையப் பாத்தாரு. கையுறை போட்டுத்தான் தொடுதேன்னு சொன்னேன். அப்படின்னா முடியில இருந்துதான் விழுது, இனி எண்ணெய் தொடாதேன்னாரு. விட்டேன். அடுத்த தடவையும் கறை. இடுப்பு வரைக்கும் கிடந்த பின்னலை வெட்டுனேன். எனக்க அம்மை மூணு நாளு சோறு போட்டாளே தவிர முகம் தந்து பேசல்ல. நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கு. அதுக்கப்புறமும் கறை வந்துது. மாதிரிகளைக் கையாள மாணவிக்குக் கவனம் போதாது, ஆராய்ச்சிக் காலத்தை நீட்டிக்க வேண்டாம்னு சார் ஒரு கடிதம் எழுதி வச்சாரு. வெள்ளிக்கிழமை கையெழுத்து. அதுக்கு முன்ன, புதன்கிழமை, கடைசியா ஒரு நாள் மெஷின்.

போவது போவட்டும்னு ஒரு காரியம் செஞ்சேன். மீனுல உள்ள கறியுப்பு ஒட்டிக்கிட்டுக் கொழுப்புக்க அடையாளத்தை மங்கடிக்குதுன்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகம். அதனால அம்மோனியம் உப்பு கரைச்ச குளிந்த தண்ணில தகட்டை முக்கி எடுத்துக் காய வச்சேன். சார் வந்தாரு. எண்ணெய் மினுங்குத வழுக்கையைத் தடவிக்கிட்டே, வழக்கம்போல ஒவ்வொரு தகடா எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாரு. கையுறை பிள்ளைகளுக்குத்தான், அவருக்கில்ல. அவருக்க வலது பெருவிரலுல குறுக்க ஒரு தழும்பு உண்டும். கீரிப்பாறையில அப்பாகூட ரப்பர் வெட்டப் போன காலத்துல கத்தி பாஞ்சது. உழைச்ச கையாக்கும்னு எல்லா வகுப்புலயும் காட்டுவாரு. அந்தக் கையைச் சந்தேகப்பட எனக்குத் தோணவேயில்ல.

புதன்கிழமை மெஷின்ல படம் வந்துது. முந்தி முப்பது கொழுப்பு தெரிஞ்ச இடத்துல எண்பது. அடையாளம் பலமா கிட்டினதால லேசர் புள்ளியையும் நாலுல ஒரு பங்காக் குறைக்க முடிஞ்சுது, படம் அவ்வளவு துல்லியம். சந்தோசப்படத்தான் தெம்பில்ல. ஓரத்தைப் பாத்தேன். கறை அங்கேயே இருந்துது. ஆனா இப்போ கறைக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு ரேகை. ரேகையைக் குறுக்க வெட்டிக்கிட்டு ஒரு கோடு.

வெள்ளிக்கிழமை படத்தை அவருக்க மேசையில வச்சேன். வாயைத் திறந்தா அழுகை வரும், இல்லேன்னா வரப்பிடாதது வரும், அவ்வளவு கோவம். அவரு எண்பதைப் பாத்துட்டு, கொள்ளாம், நல்லா இருக்குன்னாரு. பொறவு ஓரத்துக்கு வந்தாரு. கண்ணாடியைக் கழத்திட்டுக் கிட்டக் கொண்டுபோய்ப் பாத்தாரு. கை தலைக்குப் போச்சு, பாதி வழியில நின்னுது. அந்தக் கையை மடியில வச்சுக்கிட்டாரு.

"இது எனக்க விரலு," ன்னாரு.

"ஆமா சார்."

கடிதத்தை ரெண்டாக் கிழிச்சாரு. வேற ஒண்ணு எழுதினாரு. கவனமான மாணவி, புது முறையால் கொழுப்புகள் கூடுதலாகத் தெரிகின்றன, ஒரு வருஷம் நீட்டிக்கலாம். கையெழுத்துப் போட்டு நீட்டும்போது எனக்க கழுத்தோட நிக்கித முடியைப் பாத்தாரு. ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு நின்னேன்.

"ஓரத்தை வெட்டிட்டு மிச்சத்தை எடுத்துக்கோ," ன்னாரு.

வீட்டுக்கு வந்து எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கிட்டு அம்மைக்க முன்னால உக்காந்தேன். அவ, பின்னல் இருந்த காலத்துப் பழக்கத்துல, உள்ளங்கை நிறைய ஊத்தினா. தேச்சு முடிஞ்ச பொறவும் பாதி எண்ணெய் அவ கையிலேயே நின்னுது.