இடப்பக்கத்துச் சக்கரம்

மெக்கானிக் நேற்றிலிருந்து அந்த நட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பழைய கார், அவரைவிட மூத்தது. பிரேக்கை மிதித்தால் மிதி தரையைத் தொட்டது. பின்சக்கரத்து டிரம்களைக் கழற்றி உள்ளே பார்த்தால்தான் ஆகும். டிரம்மைக் கழற்ற வேண்டுமானால் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஆக்சில் நட்டு முதலில் வர வேண்டும். வலப்பக்கத்து நட்டு கொஞ்சம் முரண்டுபிடித்துவிட்டு வழிக்கு வந்தது. இடப்பக்கத்து நட்டு அசைவேனா என்றது.

பூட்டுப் பின்னைப் பிடுங்கியாயிற்று. மண்ணெண்ணெய் ஊற்றி இரவு முழுக்க ஊறவைத்தாயிற்று. கேஸ் விளக்கால் காய்ச்சி, சம்மட்டியால் நாலு பக்கமும் தட்டியாயிற்று. ஸ்பேனர் கைப்பிடியில் ஆள் நீளக் குழாயைச் செருகி, மொத்த உடம்பையும் தொங்கவிட்டும் பார்த்தாயிற்று. குழாய்தான் வளைந்தது.

"நீங்க தொங்குறதைப் பாத்தா வேலை செய்ற மாதிரி இல்ல, காயப்போட்ட துணி மாதிரி இருக்கு," என்றாள் டீ கொண்டுவந்த மனைவி.

அவர் டீயை வாங்கிக் கீழே வைத்தார். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து எரிந்தது. ஆனால் வலித்தது வேறு இடத்தில்.

இந்தக் காரில் அவர் ஒற்றை ஆளாய்க் கை வைப்பது இதுதான் முதல் தடவை. எப்போதும் மச்சினன் இருப்பான், மனைவியின் தம்பி. சின்ன வயதிலேயே அக்கா வீட்டோடு வந்துவிட்டவன், பட்டறையிலேயே ஆளானவன். வலப்பக்கம் இவருக்கு, இடப்பக்கம் அவனுக்கு என்பது இருவரும் பேசிவைக்காமலே ஏற்பட்ட வழக்கம். ஒரே நேரத்தில் ஆரம்பிப்பார்கள். நடுவில் கார் நிற்பதால் முகம் தெரியாது, வாய் மட்டும் ஓயாது. "என்ன மாமா, சத்தத்தையே காணோம், தூங்கிட்டீங்களா?" என்பான் அந்தப் பக்கத்திலிருந்து. யாருடைய டிரம் முதலில் இறங்குகிறதோ, அவர் மற்றவரை அன்று பொழுதுக்கும் ஓட்டலாம்.

நேற்று வலப்பக்கத்து டிரம்மை இறக்கியதும், "என்ன மாப்ளே, இன்னும் ஆகலையா?" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்தப் பக்கம் சுவர்தான் இருந்தது.

போன மழைக்காலத்தில் அவன் ஒரு வண்டியில் குழாய் இணைப்பைச் சரியாக முடுக்காமல் விட்டுவிட்டான். வண்டி எடுக்க வந்தவர்கள் நிற்கும்போதே மெக்கானிக் கத்தினார்: "என் சோத்தைத் தின்னு வளந்துட்டு எனக்கே கெட்ட பேர் வாங்கித் தர்றியா?" அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். சோப்பு போட்டு, நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கை கழுவினான். பாதி வேலையில் அவன் அப்படிக் கழுவி யாரும் பார்த்ததில்லை. இப்போது வேறு ஊரில், புதுக் கார் கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் இருக்கிறான். அங்கே நட்டை எல்லாம் காற்றுத் துப்பாக்கிதான் கழற்றுமாம். அக்காவோடு வாராவாரம் போனில் பேசுவான். அந்த நேரத்தில் மெக்கானிக் பக்கத்திலேயே எதையாவது தேடிக்கொண்டிருப்பார். ஒரு நாளும் எதுவும் கிடைத்ததில்லை.

"அவன்கிட்டக் கேட்டா என்ன?" என்றாள் மனைவி.

"ஒரு நட்டுக்காகவா?"

"நட்டுக்காகத்தான். வேற எதுக்கும் நீங்க கேக்க மாட்டீங்களே."

அவர் மறுக்கும் முன்பே அவள் எண்ணை அழுத்தி, சத்தமாகக் கேட்கும்படி வைத்து, போனைக் காரின் பின்மூடி மேல் வைத்துவிட்டாள்.

"சொல்லுக்கா."

"நான்தான்," என்றார் மெக்கானிக்.

மறுமுனையில் காற்றுத் துப்பாக்கிகளின் இரைச்சல் மெல்லக் குறைந்தது. அவன் வெளியே நடந்து வருகிறான்.

"சொல்லுங்க," என்றான். மாமா என்று சொல்லவில்லை. அது அவருக்குச் சுருக்கென்றது.

"அந்தப் பழைய கார் வந்திருக்கு. பிரேக் வேலை. உன் பக்கத்து நட்டு நேத்துலேந்து வர மாட்டேங்குது."

"காய்ச்சிப் பாத்தீங்களா?"

"காய்ச்சி, தட்டி, தொங்கி, எல்லாம் ஆச்சு."

"எந்தப் பக்கம் திருப்புறீங்க?"

"இதென்ன கேள்வி? கழட்டுற பக்கம்தான்."

 போனுக்குள்ளிருந்து அடக்க மாட்டாத சிரிப்பு வந்தது.

"மாமா, அந்த வண்டிக்கு இடப்பக்கம் மரை தலைகீழ். ஓடும்போது தானா கழண்டுடக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்கான். நீங்க நேத்துலேந்து அதை இறுக்கிட்டு இருக்கீங்க."

மனைவி திரும்பி நின்றுகொண்டாள். தோள் குலுங்கியது.

"இத்தனை வருசமா அந்தப் பக்கம் நீதானடா பாத்தே? எனக்கு எங்க ஞாபகம் இருக்கும்?"

"சரி, சரி. இறுக்குற மாதிரி திருப்புங்க. கழண்டு வரும். நான் லைன்லயே இருக்கேன்."

குழாயை மாற்றிச் செருகினார். மூச்சைப் பிடித்து ஒரே அழுத்து. டங்கென்று ஒரு சத்தம். குழாயோடு அவரும் முழங்காலில் விழுந்தார். எழுந்து தொட்டுப் பார்த்தார். நட்டு விரலுக்கே சுழன்றது.

வந்துவிட்டது என்று சொன்னால், சரி வைக்கிறேன் என்பான். அடுத்த வாரம் அக்காவிடம் பேசுவான். இவர் பக்கத்தில் நின்று எதையாவது தேடுவார்.

"வந்துச்சா மாமா?"

"வரல," என்றார்.

மனைவி திரும்பி, சுழலும் நட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். 

 பிடிவாதமான நட்டு விடுபடும் சத்தம் தெரு முனை வரை கேட்கும். அந்தப் பட்டறையில் வளர்ந்தவனுக்கு அது தெரியாதிருக்க நியாயமில்லை.

"நல்லா அழுத்தினீங்களா?" என்றான், ரொம்ப மெதுவாக.

"அழுத்தினேன். நீ வந்தாத்தான் ஆகும் மாப்ளே."

மறுமுனையில் இரைச்சல் மறுபடி நெருங்கியது.

"ஞாயித்துக்கிழமை வர்றேன். அதுவரைக்கும் தொடாதீங்க, எதையாவது உடைச்சு வைப்பீங்க." போன் அணைந்தது.

மனைவி போனை எடுத்து முந்தானையால் எண்ணெய்க்கறையைத் துடைத்தாள். ஒரே இடத்தை வெகுநேரம் துடைத்தாள்.

"கார்க்காரருக்கு என்ன சொல்றது?"

"நட்டு வரலைன்னு சொல்லு."

மெக்கானிக் குனிந்து நட்டை விரலால் பழையபடி ஏற்றினார். எந்தப் பக்கம் என்று ஒருமுறை யோசித்துவிட்டு ஸ்பேனரை மாட்டினார். குழாய்க்குக் கை நீட்டினார்.

"எவ்வளவுதான் இறுக்கப் போறீங்க?"

"அவனுக்கு ஒரு நாள் முழுக்க ஆகணும்."

அவள் புடவையைச் செருகிக்கொண்டு வந்து குழாயின் மறுமுனையைப் பிடித்தாள்.