ஒருமனதாகத் தள்ளிவைக்கப்பட்ட பிரசவம்

அவளுடைய கணவர் மூன்று கிலோ மணலை வயிற்றில் கட்டிக்கொண்டு ஒரு வாரம் நடமாடத் திட்டமிட்டிருந்தார். கர்ப்பத்தின் பாரத்தை ஆணும் சுமந்து பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பையை வெட்டி, மணலைச் சலித்து நிரப்பி, வார் வைத்துத் தைத்துக் கொடுத்தவள் அவள்தான். மூன்றாம் நாள் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்துவிட்டவளும் அவள்தான். அப்போது அவளுக்கு ஏழாவது மாதம்.

"நாங்க கர்ப்பமா இருக்கோம்" என்றுதான் அவர் எல்லோரிடமும் சொல்வார். கேட்டவர்கள் முதலில் அவர் வயிற்றைப் பார்ப்பார்கள். அதன் சுற்றளவும் அவரைப் பொய்யராக்கவில்லை.

பொறுப்புள்ள தந்தையர் பேரவை என்று ஒன்று நடத்தினார். அதன் நிறுவனரும் தலைவரும் அவரே. மழைநாளில் உறுப்பினரும் அவரே. வேலை பார்க்கும் இடத்தில் அவரைத் 'தியாகி' என்று கூப்பிட்டார்கள். அதை அவர் பட்டம் என்று எடுத்துக்கொண்டார்.

அவளுக்கு அப்படிப் பட்டப்பெயர் ஏதுமில்லை. குடிநீர் வழங்கல் அலுவலகத்தில் பதினாறு வருடமாகக் கூட்டக் குறிப்பு எழுதுகிறாள். யார் வந்தார்கள், யார் பேசினார்கள், என்ன முடிவானது. வராத அதிகாரிக்கும் 'வருகை' போடுவாள். தூங்கியவர் 'கவனத்துடன் கேட்டறிந்தார்' ஆவார். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: 'நீண்ட விவாதத்துக்குப் பின் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' மூன்றாம் மாடியில் இருந்த பெண்கள் கழிப்பறையைக் கோப்பறையாக மாற்றியதும் ஒருமனதாகத்தான். குழுவில் இருந்த ஒரே பெண் அன்று விடுப்பில் இருந்தாள். அந்தப் பெண்ணின் பெயருக்கு எதிரேயும் 'வருகை' எழுதியபோது பேனா கொஞ்சமும் தடுமாறவில்லை. அதற்கப்புறம் எல்லாப் பெண்களும் ஒரு மாடி இறங்கிப் போனார்கள், குறிப்பு எழுதியவளையும் சேர்த்து.

இது அவளுக்கு இரண்டாவது கர்ப்பம். முதல் குழந்தை முப்பத்தெட்டாவது வாரத்தில் அசைவை நிறுத்திக்கொண்டது. அன்றும் இப்போது இருக்கிற இதே உயர் ரத்த அழுத்தம்தான். "இன்னும் நாலு நாள் பார்க்கலாம்" என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவளுக்குச் சோறு பிசைந்து ஊட்டியது அக்கா. அதனால்தான் இந்தத் தடவை எந்தப் பரிசோதனைக்கும் அக்கா இல்லாமல் அவள் போனதில்லை.

முப்பத்துநாலாவது வாரத்தில் டாக்டர் அவர்களை உட்கார வைத்துப் பேசினார். மேஜைக்குப் பின்னால் 'உங்கள் பிரசவம், உங்கள் தேர்வு' என்று பெரிதாக அச்சடித்த படம் தொங்கியது. கோப்பின் முகப்பில், ஆபத்தான கர்ப்பம் என்பதற்கு அடையாளமாகச் சிவப்பு அட்டை ஒட்டியிருந்தது.

"மூணு வழி இருக்கும்மா. முப்பத்தேழு வாரம் முடிஞ்சதும் மருந்து வச்சு வலி வரவழைக்கலாம். இல்லேன்னா நேரா ஆபரேஷன். மூணாவது, தானா வலி வர்ற வரைக்கும் காத்திருக்கறது. அது சொல்லணுமேன்னு சொல்றேன், அவ்வளவுதான்."

"காத்திருந்தா குழந்தைக்கு நல்லதா டாக்டர்?"

"முப்பத்தேழுக்கு மேல பெரிசா ஆதாயம் ஒண்ணும் இல்ல. உனக்குத்தான் ஆபத்து ஏறும். பிரஷர் எகிறினா ஃபிட்ஸ் வரலாம். குழந்தைக்கு ரத்தம் போறதும் குறையலாம்."

அவள் யோசிக்கவே இல்லை. "முப்பத்தேழு முடியற அன்னிக்கே வலி வரவச்சுடுங்க. அது சரிவரலேன்னா ஆபரேஷன்."

"அவ முடிவுதான் டாக்டர் எங்க முடிவு" என்றார் கணவர், யாரோ குறிப்பெடுக்கிறார்கள் என்பதுபோல நிறுத்தி நிதானமாக. ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை என்று முடிவானது.

வீட்டுக்கு வந்ததும் நாள்காட்டியில் ஒன்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். தினமும் காலையில் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மாத்திரை போடுவாள்.

முப்பத்தாறாவது வாரப் பரிசோதனைக்கு அன்று கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டாள். கணவர் வண்டியை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். அக்கா அவரோடு இருந்தாள். நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள்.

"நூத்தி நாப்பத்தாறுக்கு தொண்ணூத்தி நாலு. ஏறியிருக்கேக்கா. ஏன் பத்து நாள் தள்ளிப் போட்டீங்க?"

"எதை?"

"பிரசவத்தைத்தான். ஒன்பதுன்னு இருந்துச்சு, இப்போ பத்தொன்பதுன்னு இருக்கே." நர்ஸ் சுவரைக் காட்டினாள். "விழாவுக்காகன்னு நினைச்சேன். இதுல இருக்கறது நீங்கதானே?"

சுவரில் புதுச் சுவரொட்டி. 'அவள் உடல், அவள் முடிவு: மாபெரும் தந்தையர் மாநாடு. பதினான்காம் தேதி, சனிக்கிழமை.' தலைமை: டாக்டர். சிறப்புரை: கணவர். நன்றியுரை: அக்கா. நடுவில், பக்கவாட்டில் நின்று எடுத்த அவளுடைய வயிறு. முகம் வெட்டப்பட்டிருந்தது, இடம் போதவில்லை போலிருக்கிறது. அடியில் பட்டையான எழுத்தில்: 'நிறைமாதத் தாய் மேடையில் தோன்றுவார்.'

"இது எப்போ வந்துச்சு?"

"போஸ்டர் கட்டு வந்து பத்து நாளாச்சுக்கா. இன்னிக்குத்தான் ஒட்ட நேரம் கிடைச்சுது."

"அந்தக் கோப்பைக் கொஞ்சம் குடு."

நர்ஸ் தயங்கினாள். "கொடுக்கக் கூடாதுக்கா" என்று சொல்லிவிட்டுக் கொடுத்தாள்.

போன வாரப் பக்கத்தில் டாக்டரின் சாய்ந்த கையெழுத்து. 'நேரம் 11.05. நோயாளி, கணவர், சகோதரி வருகை. காத்திருப்பதன் ஆபத்துகள் விளக்கப்பட்டன. நோயாளி புரிந்துகொண்டார். விரிவான ஆலோசனைக்குப் பின், நோயாளியின் விருப்பப்படி, தேதி ஒருமனதாக மாற்றப்பட்டது.' கீழே இரண்டு கையெழுத்து. ஒன்று கணவருடையது. மற்றது அக்காவின் குண்டு குண்டான எழுத்து.

அவள் அந்தப் பத்தியை இரண்டு தடவை படித்தாள். முதல் தடவை 'வருகை' என்ற சொல்லிலேயே கண் நின்றுவிட்டது. இரண்டாவது தடவை, வெட்கம்கெட்ட மாதிரி, தொழில்காரியின் கண் விழித்துக்கொண்டது. நடை நன்றாக இருந்தது. அவளே எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பாள்.

பிறகு பைக்குள் கைவிட்டு, போன வாரத்து ரத்தப் பரிசோதனைச் சீட்டைத் தேடி எடுத்தாள். பதினாறு வருடப் பழக்கம். எந்தத் துண்டுச்சீட்டையும் எறியமாட்டாள். 'ரத்தம் எடுத்த நேரம் 11.08.' பரிசோதனைக்கூடம் கீழ்த்தளத்தில், இரண்டு மாடி கீழே. "நீ போய்ட்டு வாடி, நான் இங்க உக்காந்திருக்கேன்" என்று அக்கா அன்று சொன்னது ஞாபகம் வந்தது. கால் வலிக்கிறது என்றல்லவா நினைத்தாள்.

டாக்டர் அறைக்குள் எல்லோரும் வந்து சேர்ந்ததும் அவள் உட்காரவில்லை.

"போன கூட்டத்தோட குறிப்பை வாசிச்சு உறுதி பண்ணிட்டுத்தான் அடுத்த வேலை டாக்டர். எங்க ஆபீஸ்ல அதுதான் முறை."

"என்ன கூட்டம்மா?" என்றார் டாக்டர் சிரித்துக்கொண்டே. கோப்பு யார் கையில் இருக்கிறது என்று பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

அவள் உரக்க, நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். 'நோயாளி வருகை' என்ற இடத்தில் சீட்டை மேஜைமேல் வைத்தாள். "பதினொண்ணு எட்டுக்கு என் கையில ஊசி இருந்துச்சு. பதினொண்ணு அஞ்சுக்கு இங்க நின்னு புரிஞ்சுக்கிட்டது யாரு?"

சுவரில் இருந்த 'உங்கள் தேர்வு' மட்டும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

"நான் உனக்காகத்தான்மா பேசினேன்" என்றார் கணவர். "உன் குரலா இருந்தேன்."

"எனக்குத் தொண்டை நல்லாத்தானே இருந்துச்சு?"

"பத்து நாள்தான். தினமும் பிரஷர் பார்க்கறதா டாக்டரே சொன்னாரு. முந்நூறு அப்பாமாருங்க வர்றாங்க. ஒரு நிறைமாசப் பொண்ணு மேடையில உக்காந்திருந்தா அந்தப் பேச்சுக்கே ஒரு உயிர் வரும்."

"உயிர்" என்றாள் அவள். "போன தடவை நாலு நாள் பார்க்கலாம்னாங்க. எந்த வாரம்னு ஞாபகம் இருக்கா?"

அவர் மேஜையைப் பார்த்தார். ஞாபகம் இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. மறந்திருந்தால்கூட மன்னித்திருப்பாள்.

அவள் அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"நீயுமாக்கா?"

அக்கா முந்தானையை விரலில் சுற்றினாள். "கோவிச்சுக்காதடி. 'நீங்க சொன்னாத்தான் செய்வேன், உங்க சம்மதம் வேணும்'னு மாப்பிள்ளைதான் என்னைத் தனியா கூப்பிட்டுக் கேட்டாரு. என் கல்யாணத்தையே என்கிட்ட கேட்டுப் பண்ணல. ஒரு பேனாவ எடுத்துக் குடுத்து, கையெழுத்துப் போடுங்கன்னு... அப்படியே போட்டுட்டேன்டி." கொஞ்சம் நிறுத்தி, "நன்றியுரைக்கு மூணு நாளா மனப்பாடம் வேற பண்ணிட்டிருக்கேன்" என்றாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுதுவிடுவோம் என்று அடக்கிக்கொண்டாள். இரண்டு மாதம் சோறு ஊட்டிய கை, ஒரு பேனாவுக்குப் போய்விட்டது.

டாக்டர் தொண்டையைச் செருமினார். "எழுதினதுல சின்னப் பிசகு. மருத்துவ ரீதியா பார்த்தா..."

"மருத்துவ ரீதியா நீங்க முப்பத்துநாலாவது வாரத்துலயே சொல்லிட்டீங்க டாக்டர். நல்லாத்தான் சொன்னீங்க. அதுக்கப்புறம் மாறினது என் உடம்பா, உங்க தலைமை உரையா?"

டாக்டர் கோப்பைத் தன் பக்கம் இழுத்தார். பேனாவை எடுத்தார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார்: 'சென்ற குறிப்பு தவறானது. நோயாளி அப்போது அறையில் இல்லை. தேதி மாற்றத்துக்கு நோயாளி சம்மதிக்கவில்லை. பழைய தேதியே நிற்கிறது; அழுத்தம் கூடினால் அதற்கும் முன்பே.' ஒரு எழுத்தும் விடாமல் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். கணவர் கையை நீட்டினார், தானும் போடுவதற்கு.

"நீங்க வேண்டாம்" என்றாள். "இது ஒருமனதா இல்ல."

வெளியே வரும்போது அவர் மெல்லக் கேட்டார்: "அப்போ சனிக்கிழமை மேடையில யாரு?"

"உங்க மணல் மூட்டை பரண்ல இருக்கு."

ஒன்பதாம் தேதி காலை ஏழு மணிக்கு மருந்து வைத்தார்கள். கணவரும் அக்காவும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் அவளிடம் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார்கள், முன்பின் தெரியாதவர்கள் மாதிரி. அவர் விசிறினார். அக்கா வெந்நீர் கொண்டுவந்தாள். அவள் விசிறிக்காற்றை வாங்கிக்கொண்டாள், வெந்நீரைக் குடித்தாள். வலி உச்சத்தில் ஏறியபோது பிடித்துக்கொள்ள இரண்டு கைகள் நீண்டன. அவள் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் பெண் பிறந்தாள். இரண்டு கிலோ இருநூறு. அழுகை மட்டும் நான்கு கிலோ இருக்கும். நச்சுக்கொடியைத் திருப்பிப் பார்த்த டாக்டர் அங்கங்கே விரலால் அழுத்தினார். "இங்க எல்லாம் கெட்டியாயிடுச்சு. இன்னும் பத்து நாள்னா..." என்று ஆரம்பித்தவர், அவள் பார்ப்பதைக் கண்டதும் கையுறையைக் கழற்றப் போய்விட்டார். அந்த அரை வாக்கியம் எந்தக் கோப்பிலும் ஏறவில்லை.

சாயங்காலம் நர்ஸ் பிறப்புப் படிவத்தோடு வந்தாள். கணவர் குழந்தையைக் கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது; அது நடிப்பில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அக்கா துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

தாயின் வயது, குழந்தையின் எடை, பிறந்த நேரம் எல்லாம் அவளே எழுதினாள். 'பிரசவத்தின்போது உடனிருந்தவர்' என்று ஒரு கட்டம். பேனா அங்கே வந்து நின்றது. பதினாறு வருடமாக, வராதவர்களுக்கெல்லாம் வருகை போட்ட பேனா.

'ஒருவருமில்லை' என்று எழுதினாள்.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, ரெண்டு பேரும் நேத்திலிருந்து இங்கதானே இருக்காங்க?"

"ஆமா, இருக்காங்க" என்றாள் அவள். படிவத்தைத் திருத்தாமல் கொடுத்துவிட்டு, குழந்தைக்காகக் கையை நீட்டினாள்.