பெயரின் வால்

ரிஹாம் கதவைத் தட்டாமலே என் அறைக்குள் வந்தாள்.

"மேடம், சரித்திர வாத்தியார் இன்னிக்கும் என் பேரை முழுசா வாசிச்சாரு. வகுப்பே சிரிச்சுது. ‘உங்களை விடுதலை பண்ணவங்க வீட்டுப் பேரன் பின்னாடி பெஞ்சுலதான் இருக்கான், போய் நன்றி சொல்லு’ங்கறாங்க."

எங்கள் தென் துனிசியாவில் கறுப்பினக் குடும்பங்கள் சிலவற்றின் பெயர்களுக்கு வால் உண்டு: இன்னார் வீட்டாரால் அடிமைத்தளையிலிருந்து விடுதலை செய்யப்பட்டவர். பிறப்புப் பதிவில் இருப்பது பள்ளிப் பட்டியலிலும் ஏறிவிடும். என் பெயருக்கும் அந்த வால் உண்டு.

"அதை வாசிக்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம். இல்லேன்னா இனி நான் வரமாட்டேன்."

இந்த வட்டாரத்தில் தலைமையாசிரியை நாற்காலியில் உட்கார்ந்த முதல் கறுப்புப் பெண் நான். குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், தன் ஆட்களுக்காகக் கத்துகிறாள் என்பார்கள். பதினோரு வருடங்களில் உயர்த்தியதில்லை. ‘எந்த நிலையிலும் நிதானம் இழக்காதவர்’ என்று கல்வி ஆய்வாளர் எழுதிய வரி எனக்கு மனப்பாடம்.

சரித்திர ஆசிரியர் ஹம்தியை அழைத்துத் தேநீர் கொடுத்தேன்.

"பட்டியல்ல இருக்கறதத்தான் வாசிக்கறேன் மேடம். உங்களுக்குத் தெரியாத பட்டியலா?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். வாசிக்கக் கூடாது என்று சொல்ல வாயெடுத்து, "கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றேன்.

ரிஹாமிடம், "அவர் மனசுல கெட்டது ஒண்ணும் இல்லம்மா. பெருசா எடுத்துக்காதே" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "உங்களுக்குக் கோபமே வராதா மேடம்?"

"வரும். அடக்கக் கத்துக்கிட்டேன்."

"எனக்கும் அதைத்தான் கத்துக்குடுக்கறீங்களா?"

மறு வாரமும் ஹம்தி வாலோடுதான் வாசித்தார். அதன் பிறகு அவள் பள்ளிக்கு வரவில்லை. இரண்டு முறை ஆள் அனுப்பினேன். நானே போயிருக்கலாம். போய் என்ன சொல்வது என்று தெரியாமல் இருந்துவிட்டேன்.

இருபது நாள் கழித்து அவள் அம்மா ஸாஸியா விலகல் சான்றிதழ் கேட்டு வந்தாள்.

"ஸ்ஃபாக்ஸ் நகரத்துல அவ சித்தி இருக்கா. தையல் ஆலையில சேத்துவிடறாளாம்."

"படிக்கற பொண்ணு ஸாஸியா. நான் ஹம்திகிட்ட மறுபடியும் பேசறேன்."

"நீங்க பேசினதைத்தான் சொன்னாளே அக்கா." அவள் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

படிவத்தை எடுத்துப் பெயரை எழுதினேன். ரிஹாம். அப்பாவின் பெயர். அதற்கு மேல் பேனா நகரவில்லை.

ஸாஸியா எட்டிப் பார்த்தாள். "முழுசா எழுதிடுங்க அக்கா. அடையாள அட்டையில இருக்கற மாதிரி இல்லேன்னா ஆலையில திருப்பி அனுப்பிடுவாங்க. உங்களுக்குத் தெரியாததா?"

ஹம்தி கேட்ட அதே கேள்வி. இவள் என்னைத் தேற்றுவதற்காகக் கேட்டாள்.

ஜன்னல் வழியே பார்த்தேன். வாசலுக்கு வெளியே, பள்ளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரிஹாம் நின்றாள். சீருடை இல்லாமல் பெரியவளாகத் தெரிந்தாள்.

வாலையும் எழுதினேன். நடத்தை என்ற இடத்தில் மிக நன்று என்று எழுதினேன். முத்திரை குத்தினேன். அப்போதுதான் கோபம் வந்தது, இத்தனை வருடத்துக் கோபமும் சேர்ந்து, காது அடைக்கும்படி.

கையெழுத்துப் போட்டேன். ஒரு எழுத்துகூடக் கோணவில்லை.