குவைத் செட்டு

விறைத்துப்போன விரல்களுக்கிடையில் செபமாலையைச் சுற்றுவது லேசான வேலையில்லை. ஜெசிந்தாவுக்கு இடது கையில் இரண்டு விரல் மடங்காது என்பதால் மூன்று முறை நழுவியது. நான்காவது முறை அப்பாவின் கட்டைவிரலை இழுத்துக் கொக்கியில் மாட்டுவதுபோல் மாட்டிவிட்டாள். அழுகை வரவில்லை. திண்டிவனம் காலனியில் பாதிப் பேர் அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

"பெத்த அப்பன்டி. ஒரு சொட்டாவது வுடேன்," என்றாள் பெரியம்மா லூர்துமேரி.

பெற்றவர்தான். பங்குக் கோயில் ஆபீஸைக் கூட்டிப் பெருக்கி இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர் சவுரிராயன். சாமியார்களுக்கு வரும் வெளிநாட்டுக் கடித உறைகளைக் குப்பைக்கூடையிலிருந்து பொறுக்க ஆரம்பித்து, ஜெர்மனி, பெரு, டோங்கா என்று அறுபது நாட்டுக் கவர்களைச் சேர்த்துவிட்டார். ஸ்டாம்பை மட்டும் கிழித்து ஒட்டி வைப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. முழுக் கவரும் வேண்டும், முத்திரையும் தெளிவாக விழுந்திருக்க வேண்டும். பெண்டாட்டி செத்த வாரம்கூட ஆல்பத்தைத் துடைக்காமல் விட்டதில்லை.

ஜெசிந்தா வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் புறப்பட்டபோது, மீனம்பாக்கத்தில் வைத்து அவர் சொன்ன புத்தி இவ்வளவுதான். "போனதும் கவர் போடும்மா. ஸ்டாம்ப நேரா ஒட்டு."

நேராகத்தான் ஒட்டினாள். அந்த வீட்டு எஜமானி மாதம் ஒருமுறை போனைக் கொடுப்பாள், தமிழ் தெரிந்த சமையல்காரியைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு. "நல்லா இருக்கேம்பா" என்பதற்கு மேல் வாயைத் திறக்க முடியாது. மிச்சத்தையெல்லாம் பேப்பரில் எழுதி, கோட்டக்குப்பத்து டிரைவர் ஒருவரிடம் திருட்டுத்தனமாகக் கொடுத்துத் தபாலில் போடச் சொல்வாள். மூன்று வருஷத்தில் பதினொரு கடிதம். மீட்க ஒருவரும் வரவில்லை. இஸ்திரிப் பெட்டியால் சுட்ட கை இனி வேலைக்கு உதவாது என்று ஆனபிறகு, எஜமானியே சலித்துப்போய் டிக்கெட் போட்டு அனுப்பினாள்.

வந்த அன்று அப்பா அந்தக் கையைப் பார்த்து, "இன்னாம்மா இது?" என்றார். எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல் கேட்கிறாரே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. மறுநாளே விழுப்புரத்துக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஆறு வருஷம் பேச்சில்லை.

முந்தாநாள்தான், அப்பாவுக்கு டாக்டர்கள் நாள் குறித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் போட்டிருந்தார்கள். கேட்டுவிடுவது என்று குனிந்தாள்.

"நான் போட்ட லெட்டரெல்லாம் வந்துச்சா?"

அவர் தலையாட்டினார்.

"பதினொண்ணுமா?"

மனுஷனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மாஸ்குக்குள் சிரித்தபடி திரும்பத் திரும்பத் தலையாட்டினார். அவள் கையைப் பிடிக்கத் துழாவினார்.

"தனியாக் கெடந்து சாவு," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அவரும் அப்படியே செய்தார். நேற்று மத்தியானம், தம்பி கோபி டீ குடிக்கப் போயிருந்த கால் மணி நேரத்தில்.

இப்போது கோபி ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அக்கா, இத அப்பா கூடவே பெட்டியில வெச்சிடலாமா?"

"அய்யய்யோ, மண்ணுல போடுறதாவது!" என்று குறுக்கே பாய்ந்தார் அறிவுச்செல்வன். விழுப்புரத்தில் ஸ்டாம்பு கிளப் நடத்துகிறவர். மாலையைப் போட்டுவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தார். "இதுல குவைத் செட்டு இருக்குதுப்பா. இங்க பாரும்மா."

விரித்துக் காட்டினார். பதினொரு கவர், கண்ணாடித் தாளுக்குள். எல்லாம் ஒட்டினது ஒட்டினபடி இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே அப்பாவின் உருண்டைக் கையெழுத்து: அனுப்பியவர், என் மகள் ஜெசிந்தா. நிலை, மிக நன்று.

"பிரிக்கலயா சார்?"

"பிரிச்சா கவரு கெட்டுப்பூடும்னு நான்தாம்மா சொல்லிக் குடுத்தேன். எங்க கிளப்புல வேற யாருகிட்டயும் இப்படி ஒரு செட்டு கெடையாது. உள்ள பொண்ணு என்னா எழுதியிருக்குன்னு பாக்க வேணாமாய்யான்னு கூட கேட்டேன். 'அதான் போன்ல நல்லா இருக்கேன்னு சொல்லுதே, உள்ள வேற என்னா இருந்துடப் போவுது'ன்னுட்டாரு. எம் பொண்ணு போட்டது, எம் பொண்ணு போட்டதுன்னு ஊரு பூரா காட்டிக்கினு திரிஞ்சாரு, பாவம்."

மாஸ்குக்குள் அந்தச் சிரிப்பு எதற்கென்று ஜெசிந்தாவுக்கு இப்போது விளங்கியது. கவர்களைப் பற்றி மகள் முதல்முறையாக விசாரிக்கிறாள் என்ற சந்தோஷம். ஆறு வருஷமாக அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்திருந்தாள். அப்படியே இருந்திருக்கலாம். வெறுக்கவாவது ஒரு ஆள் மிஞ்சியிருப்பார்.

சாமியார் வந்து செபம் முடித்தார். பெட்டியை மூடுமுன் கடைசி முத்தம் கொடுக்கச் சொன்னார்கள். ஜெசிந்தா ஆல்பத்திலிருந்து பதினொரு கவரையும் உருவிக்கொண்டு எழுந்தாள். முதல் கவரின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தாள்.

"ஐயோ, பிரிக்காதம்மா!" என்று அறிவுச்செல்வன் நிஜமாகவே கதறினார். அந்த வீட்டில் அதுவரை யாரும் அப்படிக் கதறவில்லை.

அவள் அப்பாவின் காதருகே குனிந்து, காகிதத்தைப் பிரித்துச் சத்தமாகப் படித்தாள்.

"யப்பா, இது கெடச்ச ஒடனே கலெக்டர் ஆபீசுக்குப் போ. என்ன மாடியில வெச்சிப் பூட்டுறாங்க. ஒருவேள சோறுதான். பாஸ்போட்ட புடுங்கி வெச்சிக்கினாங்க. நீ எழுதிக் குடுத்தா எம்பசிலேர்ந்து வருவாங்களாம், டிரைவரு சொன்னாரு. எனக்குப் பயமா இருக்குதுப்பா. சீக்கிரம் வா."

ஒப்பாரி வைக்கிறாள் என்றே பெண்கள் நினைத்தார்கள். மார்பில் அடித்துக்கொண்டு அவளோடு சேர்ந்து அழத் தொடங்கினார்கள். "இப்பத்தான்டி அழுவுது பொண்ணு," என்று லூர்துமேரி மூக்கைச் சிந்தினாள்.

கோபி வந்து தோளைத் தொட்டான். "அக்கா, ஜல்தி. சாமியாரு நின்னுக்கினே இருக்காரு."

"இருடா. இன்னும் பத்து இருக்குது," என்று சொல்லி அடுத்த கவரைக் கிழித்தாள்.

மூடியைத் தூக்கிப் பிடித்திருந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அதைக் கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்து வைத்தார்கள்.