சின்னது முன்னே, புதுசு பின்னே

போர்டில் நியூ, நைஸ், ஸ்மால் என்று மூன்று சொற்களை இறைத்துவிட்டு, கடைசியில் ஹவுஸ் என்று எழுதினார் கிருஷ்ணப்பிரியா மிஸ். வரிசையாக அடுக்க வேண்டுமாம். நமக்கு எப்படித் தோன்றுகிறது என்பது முதலில், அப்புறம் அளவு, அதற்கப்புறம்தான் புதுசா பழசா என்பது. இங்கிலீஷ்காரனுக்கு ஒரு வீட்டைச் சொல்லக்கூட க்யூ வேண்டியிருக்கிறது.

"புது சின்ன வீடு," என்றாள் பக்கத்தில் இருந்த தாயம்மாள் அக்கா, யோசிக்காமல். அறையே சிரித்தது. கோயம்புத்தூர்க்கார மிஸ்ஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் தெருப் பெண்கள் மட்டும் சட்டென்று சிரிப்பை விழுங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். அடிப்பாவிகளா, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

ஐயப்பன்தாங்கலில் அந்த வீட்டை நான் பார்த்துவிட்டு வந்து ஒரு மாதம் ஆகிறது. மாடியில் ஒற்றை அறை, பெயிண்ட் வாடைகூடப் போகவில்லை. பொங்கலுக்கு என் புருஷன் எத்திராஜுக்கு நான் எடுத்துக்கொடுத்த லுங்கி அங்கே கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. திருமுல்லைவாயிலுக்குத் திரும்பி வந்து யாரிடமும் மூச்சு விடவில்லை. அவனிடமும் கேட்கவில்லை. கேட்டால், ஆமா கீது, இன்னா இப்போ என்பான். அப்புறம் எந்த முகத்தோடு அவன் வீட்டில் சோறு தின்பது? ஏதாவது கிளினிக்கில் ரிசப்ஷன் வேலை கிடைக்கட்டும், மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம், அதுவரை வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் இந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பிலேயே சேர்ந்தேன்.

"சாமுண்டீஸ்வரி, நீங்க வாங்க. முழு சென்டென்ஸா எழுதுங்க," என்றார் மிஸ்.

தாயம்மாள் அக்கா என் முந்தானையைப் பிடித்தாள். "வாணாம் ஈஸ்வரி. தெர்லன்னு சொல்லிட்டு குந்திக்கோ."

அந்தப் பரிவுதான் எனக்குத் தாங்கவில்லை. இத்தனை நாளும் என் முதுகுக்குப் பின்னால் இப்படித்தான் உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தார்களா?

எழுந்து போனேன். மார்க்கரை வாங்கிக்கொண்டேன். தமிழில் புதுசை முன்னால் வைத்தால் அது வேறு வீடு. சின்னதுக்கும் வீட்டுக்கும் நடுவில் புதுசை நுழைத்துவிட்டால், யாரும் குடியேறக்கூடிய வெறும் வீடு. நான் மிஸ் சொன்ன முறைப்படியே எழுதினேன். எழுதிவிட்டு, அவர்கள் பக்கம் திரும்பி, சத்தமாகப் படித்தேன்.

"மை ஹஸ்பண்ட் ஹாஸ் எ நைஸ் ஸ்மால் நியூ ஹவுஸ்."

"வெரி குட். ஒரு தப்புகூட இல்ல. எல்லாரும் கை தட்டுங்க," என்றார் மிஸ்.

அவர் மட்டும் தட்டினார். தாயம்மாள் அக்கா இரண்டு கைகளையும் மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். மிஸ் இன்னும் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என் முகத்துக்கு வந்தபோது அவர் கைகள் சேராமல் அப்படியே நின்றன.