மூன்று மில்லிமீட்டர் கோணல்

ஊரில் எந்தக் கதவாவது சத்தமில்லாமல் சாத்திக்கொண்டால் அதை மாட்டியவர் ரசமட்டம் என்று அர்த்தம். முப்பது வருடமாகக் கதவு, ஜன்னல் பொருத்துகிறவருக்குக் கையிலிருக்கும், மட்டம் பார்க்கும் கருவியின் பெயரே நிலைத்துவிட்டது. கோணலாக எதைப் பார்த்தாலும் மனுஷனுக்குச் சோறு இறங்காது. பல் டாக்டரிடம் வைத்தியத்துக்குப் போன இடத்தில், சுவரிலிருந்த படங்களையெல்லாம் கேட்காமலேயே நேராக்கிவிட்டு வந்தவர்.

அவர் மனைவி நேர் எதிர். தபால் அலுவலகத்தில் அவள் குத்தும் முத்திரைகூடச் சாய்ந்துதான் விழும். இருபத்திரண்டு வருடத்தில் வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடிக்க அவர் அவளை விட்டதில்லை. உனக்கு அந்தக் கை இல்லை என்பார், ஆசையாகத்தான்.

அப்படிப்பட்டவள்தான் எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றைப் பாகம் பாகமாக வரவழைத்து, தானே பூட்டப்போவதாக அறிவித்தாள். கல்லூரியில் இரவல் கிட்டாரில் வாசித்தவள். இப்போது சொந்தமாக ஒன்று வேண்டும், அதுவும் தன் கையால். தொடவே மாட்டேன் என்று ரசமட்டம் வாக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

கழுத்தைப் பூட்டினாள். தந்தியை முறுக்கும் ஆறு சாவிகளையும் மாட்டினாள். திருகாணி மரத்தில் வழுக்கிக்கொண்டு இறங்க, நுனியில் சோப்புத் தடவினாள். இது இவளுக்கு எப்படித் தெரியும் என்று அவர் வாயைப் பிளந்தார்.

மிச்சமிருந்தது பிரிட்ஜ், அதாவது தந்திகள் ஏறி உட்காரும் உலோகப் பாலம். அதை நிறுத்தக் கிட்டாரின் உடலில் இரண்டு துளை போட வேண்டும். வழிகாட்டித் தாளைப் பார்த்து நாலு தடவை அளந்து, இரண்டு புள்ளி வைத்துவிட்டு, ட்ரில்லை எடுக்க உள்ளே போனாள்.

ரசமட்டம் எட்டிப் பார்த்தார். தடித்த தந்திப் பக்கத்துப் புள்ளி மூன்று மில்லிமீட்டர் பின்னால் இருந்தது. பாவம், வழக்கம்போலச் சாய்த்துவிட்டாள் என்று அவர் மனசு உருகியது. சொன்னால் நொந்துபோவாள். மூலைமட்டத்தை வைத்தார், அந்தப் புள்ளியை அழித்தார், நேர்க்கோட்டில் புதிதாக ஒன்று வைத்தார். அரை நிமிட வேலை. திரும்பி வந்தவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு துளை போட்டாள். நன்றாக வந்திருக்கிறது என்று அவர் பாராட்டவும் செய்தார்.

தந்தி கட்டியதும் வினை தொடங்கியது. சும்மா மீட்டினால் சுருதி சரியாக இருந்தது. கழுத்தில் மேலே ஏறி அழுத்தினால் தடித்த தந்திகளின் சுருதி எகிறியது. பிரிட்ஜின் திருகுகளைத் திருப்பிப் பார்த்தாள், பின்னால் போக இடமில்லை. மூன்று நாள் மல்லுக்கட்டிவிட்டு வழிகாட்டித் தாளை முதலிலிருந்து உரக்கப் படித்தாள். தடித்த தந்திக்கு நீளம் சற்றுக் கூடுதலாக வேண்டுமாம், அதனால் பிரிட்ஜ் சாய்வாகத்தான் நிற்க வேண்டுமாம். ரசமட்டம் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் கிட்டாரை அட்டைப்பெட்டிக்குள் வைத்தாள்.

"நாளைக்குப் பழைய சாமான்காரர் வந்தா குடுத்துடுங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நீங்க சொன்னது சரிதான், எனக்கு அந்தக் கை இல்ல."

அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது. முப்பது வருடப் பெயர் ஒரு பக்கம், அவள் முகம் ஒரு பக்கம்.

"கூடம் கோணலாத்தான் இருந்துச்சு," என்றார். "நேராக்கித் தொலைச்சது நான்."

மூலைமட்டம் முதல் ரப்பர் வரை எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, வீடு ரெண்டாகப் போகிறது என்று காத்திருந்தார். அவள் பெட்டியருகே மெல்ல உட்கார்ந்தாள்.

"அப்போ நான் வெச்ச புள்ளி சரிதானா?"

சரிதான் என்றார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள், கண் நிறைந்திருந்தது. சொன்னார். உடனே அக்காவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் மூன்றாம் தடவையும் சொல்லவைத்தாள்.

தவறான துளைக்கு மரமுளை செதுக்கிப் பசை வைத்து அடைக்கும் வேலை மட்டும் அவருக்குத் தரப்பட்டது. பசை காய்ந்த மறுநாள், அவரை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினாள். ட்ரில் ஓடும் சத்தத்தில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. வெகுநேரம் கழித்துத் தந்தி பேசியது, அடியிலும் உச்சியிலும் பிசகாமல். சங்கீதம் தெரியாத அவருக்கே அது தெரிந்தது.

கதவு திறந்தது. அவள் கையில் ட்ரில் இருந்தது.

"ஊருக்கெல்லாம் கதவு மாட்டுறீங்க, நம்ம குளியலறைக் கதவு ரெண்டு வருஷமா தரையில உரசுது," என்றாள். "நகருங்க, நான் பாக்குறேன்."

ரசமட்டம் நகர்ந்து வழிவிட்டார்.